விடியற்கால எண்

மார்ச் 4

கண்ணாடிக்காரிக்கு,

நீ போனை எடுக்கவில்லை. உன் புருஷனைக் கூப்பிட்டால், "அவ குளிச்சிட்டிருக்காக்கா" என்கிறான். ஒரு மனுஷி மூன்று வாரமாகக் குளித்தால் தோல் உரிந்துவிடாதா? என் தம்பிக்குப் பொய் சொல்லவும் வராது, உண்மையைச் சொல்லத் துணிச்சலும் கிடையாது. லிஃப்ட் ரிப்பேர் பார்த்துப் பார்த்து அவனும் இரண்டு மாடிக்கு நடுவிலேயே நிற்கப் பழகிவிட்டான். அதனால் எழுதுகிறேன். கடிதம் என்றால் கோபத்திலாவது பிரித்துப் படிப்பாய்.

அன்றைக்கு என் அறையில் நான் கேட்டது தப்பில்லை. கேட்ட விதம் தப்பு. பட்டாணியின் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி ஒன்பதரையைத் தாண்டி நின்றது. போன தடவையும் அப்படித்தான், அதற்கு முந்தின தடவையும் அப்படித்தான். நமக்கு வேண்டியது ஏழு, அதிகம் போனால் ஏழரை. ஊரே ஏழரை வேண்டாம் என்று கும்பிடும்போது, நான் ஒருத்தி ஏழரை வராதா என்று ஏங்கிக்கொண்டிருக்கிறேன். அந்த ஆற்றாமையில், "வீட்ல என்னதான் போடுற இந்தப் பொண்ணுக்கு?" என்று கேட்டுவிட்டேன். பயிற்சிக்கு வந்த பெண் பக்கத்தில் நின்றாள். பட்டாணியும் கேட்டுக்கொண்டிருந்தாள். நீ பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனாய். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உன் பின்னால் ஓடினாள். பதிமூன்று வயதுக் குழந்தை பார்க்கக்கூடாத பார்வை அது.

உணவு நிபுணர் பிழைப்பு அப்படி. நாள் முழுக்க மேஜையில் பிளாஸ்டிக் ரொட்டியையும் பிளாஸ்டிக் உருளைக்கிழங்கையும் பரப்பி வைத்துக்கொண்டு, "இதுல எவ்வளவு சாப்பிடுவீங்க?" என்று கேட்கிறேன். எல்லோரும் பாதியைக் காட்டுவார்கள். பரீட்சைக்கு முந்தின வாரம் புத்தகத்தைத் திறக்கிற பிள்ளைகள் மாதிரி, ரத்தம் கொடுப்பதற்கு முந்தின வாரம் மட்டும் பட்டினி கிடந்துவிட்டு வருவார்கள். பதினெட்டு வருஷமாகப் பொய் கேட்டுக் கேட்டு என் காது பழுத்திருக்கிறது. ஆள் நாற்காலியில் உட்காருவதற்குள் எத்தனை பிஸ்கட் என்று சொல்லிவிடுவேன். உன்னிடம் மட்டும் ஒரு குறையும் தட்டுப்படவில்லை. ஒவ்வொரு கவளத்தையும் நிறுத்துப் போடுகிறாய், ஊசி ஒரு வேளை தவறவில்லை. பிறகு ஏன் கணக்கு உதைக்கிறது? அதுதான் என்னைச் சும்மா உட்காரவிடவில்லை.

படுக்கும்போது 140 என்கிறாய். எழுந்தால் 270. இடையில் என்ன நடக்கிறது? வயதுக்கு வரும் பருவத்தில் விடியற்காலையில் சில ஹார்மோன்கள் சர்க்கரையை ஏற்றிவிடும். பெரிய டாக்டரும் நானும் அப்படித்தான் நினைக்கிறோம். கையில் ஒட்டும் சென்சார் கிடைத்தால் பளிச்சென்று தெரிந்துவிடும். அதற்கான வரிசையில் அவள் பெயர் இன்னும் நடுவில்தான் இருக்கிறது. அதுவரை இரவு போடும் ஊசியை இன்னும் மூன்று யூனிட் கூட்டச் சொல்லி டாக்டர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இது மூன்றாவது தடவை. இன்றைக்கே ஆரம்பித்துவிடு.

என்னோடு பேச வேண்டாம். எண்களை மட்டும் எழுது.

அண்ணி

மார்ச் 10

அண்ணிக்கு,

எண்கள் பின்னால் ஒரு தாளில் இருக்கின்றன. உங்களுக்கு அதுதானே வேண்டும். இதை நீங்கள் படிக்காவிட்டாலும் பரவாயில்லை.

நீங்கள் கேட்ட கேள்வியை எத்தனையோ பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள், பள்ளிக்கூடத்து ஆயா கேட்டாள், என் கடைக்குக் கண்ணாடிக்குக் கால் மாற்ற வந்த பெரியவர் கூடக் கேட்டார். "சின்ன வயசுலயே சர்க்கரையா? இனிப்பா குடுத்துட்டே இருந்தீங்களோ?" அவர்களுக்கு விவரம் தெரியாது, விட்டுவிடுவேன். அவளுக்கு வந்தது சாப்பாட்டினால் வந்ததில்லை, உடம்பு இன்சுலின் சுரப்பதையே நிறுத்திவிட்டது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான். நாலு வருஷம் முன்னால் ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் தப்பு இதுல ஒண்ணுமே இல்ல" என்று சொன்னீர்கள். அந்த வாயாலேயே இதைக் கேட்டீர்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நீங்கள் எண்ணைப் பார்க்கிறீர்கள். நான் முகத்தைப் பார்க்கிறேன். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மழைக்காலத்தில் ஒரு காலை அவளை எழுப்பப் போனேன். தலையணை நனைந்திருந்தது. பல் கிட்டித்திருந்தது. ஒரு கை மட்டும் தானாக வெட்டிக்கொண்டிருந்தது. கண் திறந்துதான் இருந்தது, என்னைத்தான் பார்த்தது. நான் யார் என்று அந்தக் கண்ணுக்குத் தெரியவில்லை, அண்ணி. உங்கள் தம்பி ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் குழிக்குள் தொங்கிக்கொண்டிருந்தார், போன் எடுக்கவில்லை. ஆம்புலன்ஸ்காரர்தான் குளுக்கோஸ் ஊசி போட்டு எழுப்பினார். மறுநாள் நீங்கள் வந்தீர்கள். சர்க்கரை இறங்கினால் என்ன செய்ய வேண்டும் என்று அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுத்தீர்கள். நல்ல தாள்தான், படம் எல்லாம் போட்டிருந்தது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்.

ஊசியைக் கூட்டிவிட்டேன். நீங்கள் சொன்னால் கூட்ட வேண்டியதுதானே.

இன்னொரு விஷயம். பட்டாணியை மண்டல நீச்சல் அணிக்கு எடுத்திருக்கிறார்கள். ஏப்ரல் ஆரம்பத்தில் ஆறு நாள் முகாம். வெளியூர், அங்கேயே தங்க வேண்டும், பெற்றோர் வரக்கூடாது. உங்கள் தம்பி என்னைக் கேட்காமலே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு முடிவு எடுத்திருக்கிறார், அதை இதில் எடுத்திருக்கிறார். ஆறு நாள் அவள் ராத்திரி என் கண்ணில் படாமல் தூங்குவாள். நான் வேண்டாம் என்றால் நான்தான் வில்லி. நீங்கள் சொன்னால் கேட்பாள். மருத்துவக் காரணம் ஏதாவது சொல்லி நிறுத்திவிடுங்கள். இது ஒன்றை மட்டும் எனக்காகச் செய்யுங்கள்.

உங்கள் தம்பி மனைவி

மார்ச் 15

கண்ணாடிக்காரிக்கு,

ஆஸ்பத்திரி வராந்தாவில் சொன்னதை நான் மறக்கவில்லை. மறந்த மாதிரி நடந்துகொண்டேன். மன்னித்துவிடு. இதை எழுத எனக்கு மூன்று தாள் கிழிந்தது. எங்கள் வீட்டில் மன்னிப்புக் கேட்கும் வழக்கமே கிடையாது, உன் புருஷனைப் பார்த்தாலே தெரியும்.

ஆனால் முகாமை நிறுத்தமாட்டேன். நிறுத்த மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. என்னிடம் வருகிற பிள்ளைகளில் ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள், மலை ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களையெல்லாம் "போ, போ" என்று தள்ளிவிட்டு என் மருமகளை மட்டும் முந்தானையில் முடிந்து வைக்கச் சொல்கிறாயா? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். நீ அரண்டதற்குக் காரணம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. பயம் உன்னுடையது. அதற்கு வீட்டில் அடைபடுகிறவள் அவளா?

அவளோடு போனில் பேசினேன். உன் வீட்டில் என்னோடு ஒழுங்காகப் பேசுகிற ஒரே ஜீவன் அதுதான். "அத்தை, பட்டர்ஃப்ளைல நான்தான் ஃபர்ஸ்ட், தெரியுமா? என் தோள் எல்லாம் கல்லு மாதிரி ஆயிடுச்சு" என்றாள். அந்தக் குரலைக் கேட்டுவிட்டு எந்த வாயால் வேண்டாம் என்று சொல்வேன்?

நீச்சல் மாஸ்டரிடமும் பேசிவிட்டேன். ஒழுங்கான மனிதர். தண்ணீரில் இருக்கும்போது உடம்பு சர்க்கரையை வேகமாகச் செலவழிக்கும், கரையேறின பிறகும் ராத்திரி வரைக்கும் இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் முகாம் நாட்களில் இரவு ஊசியை இப்போதைய அளவில் ஐந்தில் ஒரு பங்கு குறைக்கிறோம். காலை, மாலை என்ன சாப்பிட வேண்டும், எப்போது சோதிக்க வேண்டும், எல்லாம் எழுதி அவருக்கு அனுப்பிவிட்டேன். நிச்சயமாக நன்றாக இருப்பாள்.

நீ அனுப்பிய எண்களைப் பார்த்தேன். ஊசியைக் கூட்டின முதல் நாள் காலை 168. எழுந்து நின்று கைதட்டலாம் போல இருந்தது. அடுத்த நாள் 240, அதற்கடுத்த நாள் 265. எந்த ஹார்மோன் இப்படி ஒரு நாள் லீவு எடுத்துக்கொண்டு மறுநாள் வேலைக்கு வரும்? பயிற்சிப் பெண் கேட்டாள், "மேடம், வீட்ல வேற ஏதாவது குடுக்கறாங்களோ?" நான் அவளைக் கடிந்துகொண்டேன். "அவளை எனக்குத் தெரியும், அரை பிஸ்கட்டைக்கூட எழுதுறவ" என்றேன்.

அண்ணி

மார்ச் 21

அண்ணிக்கு,

மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததும் எனக்கு இன்னும் கஷ்டமாகிவிட்டது. கேட்டிருக்க வேண்டாம்.

முகாம் சாமான் வாங்கியாகிவிட்டது. நீச்சல் கண்ணாடி மட்டும் என் கடையிலேயே பவர் போட்டு நானே செய்து கொடுத்தேன். உங்கள் தம்பி புதுப் பை வாங்கி வந்தார். வீடே கல்யாண வீடு மாதிரி இருக்கிறது. எனக்குத்தான் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. கடையில் நேற்று ஒருவருக்கு வலது கண் லென்ஸை இடது பக்கம் மாட்டிக் கொடுத்துவிட்டேன். நல்ல மனிதர், திரும்பி வந்து சிரித்தார். "தரை எல்லாம் மேடா தெரியுதும்மா" என்றார்.

ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன். என் கடைக்கு ஒரு அம்மா வருவார். அவருடைய பிள்ளைக்கும் இதே நோய்தான். அந்த அம்மா ராத்திரி பிள்ளைக்குக் கொடுக்கும் பாலில் கொஞ்சம் சர்க்கரை போட்டுவிடுகிறாராம். தூக்கத்தில் இறங்கிவிடக் கூடாதே என்று. யாருக்கும் தெரியாது, பிள்ளைக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. அப்படிச் செய்தால் பெரிய கெடுதலா? அந்த அம்மாவுக்கு என்ன சொல்லலாம்? அவரும் பாவம், பயந்துதான் செய்கிறார்.

அவசரம் ஒன்றும் இல்லை. தோன்றியபோது எழுதுங்கள்.

உங்கள் தம்பி மனைவி

மார்ச் 26

கண்ணாடிக்காரிக்கு,

உன் கடைக்கு வரும் அந்த அம்மாளை என்னிடம் அனுப்பு. இன்றைக்கு எனக்கு இருக்கிற கோபத்துக்கு அவர் வந்தால் நன்றாக இருக்கும்.

இன்று காலை ஒரு இளைஞன் வந்தான். இருபத்தாறு வயது. கண்ணின் பின்பக்கம் ரத்தம் கசிய ஆரம்பித்துவிட்டது. சின்ன வயதிலிருந்தே சர்க்கரையை ஏற்றியே வைத்திருக்கிறார்கள், இறங்கிவிடும் என்ற பயத்தில். அவனுடைய அம்மாவும் கூட வந்திருந்தார். "நல்லதுக்குத்தான் பண்ணேன் டாக்டர்" என்று அழுதார். நான் டாக்டர் இல்லை என்று சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை.

அதனால் கேட்டுக்கொள். அந்த அம்மா செய்வதற்குப் பாசம் என்று பெயரில்லை. திமிர். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது. இந்த மாதிரி ஆட்களை நாலு பேர் முன்னால் நிற்க வைத்துக் கேட்டால்தான் உறைக்கும். கண்ணும் சிறுநீரகமும் போவது மெதுவாக நடக்கும் கெடுதல். வேகமாக நடக்கும் கெடுதல் ஒன்று இருக்கிறது. அந்தச் சர்க்கரை தெரியாததனால் அங்கே ஒருத்தர் ஊசியைக் கூட்டிக்கொண்டே போவார். என்றைக்காவது ஒரு ராத்திரி அந்தப் பிள்ளை வேறு வீட்டில் படுக்கும், பால் இருக்காது. கூட்டின ஊசி முழுவதும் அதன் உடம்பில் வேலை செய்யும். காலையில் எழுப்பப் போனால் எழுந்திருக்காது. இதை அப்படியே அவரிடம் சொல். நயமாகச் சொல்ல வேண்டாம்.

சரி, ஊரார் கதை போதும். பட்டாணி பையில் குளுக்கோஸ் மாத்திரை இரண்டு டப்பா வை.

அண்ணி

ஏப்ரல் 2

அண்ணிக்கு,

இன்று காலை பஸ் கிளம்பிவிட்டது. கடையில் கண் சோதிக்கும் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். விளக்கைப் போடவில்லை. கூரியர்காரர் வெளியே நிற்கிறார், நாளைக் காலையில் உங்கள் கையில் கிடைக்கும் என்று சத்தியம் பண்ணியிருக்கிறார்.

என் கடைக்கு எந்த அம்மாவும் வரவில்லை. அது நான்தான்.

அந்த மழைக்காலக் காலைக்கு அடுத்த வாரம் ஆரம்பித்தேன். படுக்கும் முன் அவள் குடிக்கும் பாலில் ஒரு ஸ்பூன். அன்றைக்கு ராத்திரிதான் நான் தூங்கினேன். பிறகு நீங்கள் ஊசியைக் கூட்டினீர்கள். காலை எண் இறங்கியது. எனக்கு அந்தத் தலையணைதான் கண்ணில் வந்தது. இரண்டு ஸ்பூன் ஆக்கினேன். நீங்கள் மறுபடி கூட்டினீர்கள், நான் மூன்று ஆக்கினேன். இந்த மாதம் 168 வந்ததும் எழுந்து நின்று கைதட்டலாம் போல இருந்தது என்று எழுதியிருந்தீர்கள். நானோ அந்த எண்ணைப் பார்த்ததும் சர்க்கரை டப்பாவை எடுத்தேன். அன்று ராத்திரியே இன்னொரு ஸ்பூன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன் அண்ணி. சோதிப்பதோ பாலுக்கு முன்னால், அதனால் படுக்கும்போது எப்போதும் 140தான்.

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து சொல்லப் பார்க்கிறேன். நேற்று போன் செய்தேன் இல்லையா? நீங்கள் எடுத்ததும் சிரித்தீர்கள். "என்ன, ரோஷம் இறங்கிடுச்சா?" என்றீர்கள். "ஒண்ணுமில்ல, நாளைக்கு பஸ் ஏறுறா" என்று வைத்துவிட்டேன். காலையில் மாஸ்டரைத் தனியாகக் கூப்பிட்டு, ராத்திரி அவளுக்குப் பாலில் சர்க்கரை போட்டுக் கொடுக்கச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "சர்க்கரையே கூடாதும்மா. உங்க அண்ணி எழுதிக் குடுத்ததுல இல்லயே" என்றார். ராத்திரி நாலு பிஸ்கட் சாப்பிடு என்று பட்டாணியிடம் சொன்னேன். "எதுக்கும்மா?" என்றாள். நீந்தினால் பசிக்கும் என்றேன். நீங்களும் ஊசியைக் கொஞ்சம் குறைத்திருக்கிறீர்கள், ஒரு ராத்திரி தாங்கும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டு பஸ்ஸுக்குக் கையாட்டினேன். பஸ் திரும்பினதும் தேற்றினதெல்லாம் போய்விட்டது. இப்போதும் உங்கள் எண்ணை அழுத்தி அழுத்தி, மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன், எழுதத்தான் வருகிறது.

திமிர் என்று எழுதியிருந்தீர்கள். என்ன பெயர் வேண்டுமானாலும் வையுங்கள். நாலு பேர் முன்னால் கேளுங்கள், நிற்கிறேன். என்னைத் திட்டுவதற்கு முன்னால் அவளைக் கூப்பிட்டுவிடுங்கள். உங்கள் காலில் விழுகிறேன், முதலில் அவளைக் கூப்பிடுங்கள்.

உங்கள் தம்பி மனைவி

ஏப்ரல் 3

முதலில் இது: நன்றாக இருக்கிறாள். போனில் உன் புருஷனிடம் சொல்லிவிட்டேன், உன்னிடம் சொல்லியிருப்பான். ஆனாலும் எழுத்தில் ஒரு தடவை பார்த்துக்கொள். நன்றாக இருக்கிறாள்.

முகாமிலிருந்துதான் எழுதுகிறேன். குளத்தை ஒட்டின சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். தாள் முழுக்கத் தண்ணீர் தெறிக்கிறது.

உன் கடிதம் காலையில் க்ளினிக்கில் வந்தது. எதிரே ஒருவர் தம் சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். "எந்த அம்மாவும் வரவில்லை" என்ற வரிக்கு மேல் நான் படிக்கவில்லை. மாஸ்டரைக் கூப்பிட்டேன். விசில் சத்தத்துக்கு நடுவில், "தண்ணில இறங்கப் போறாங்க மேடம். உங்க பொண்ணு கை நடுங்குதுன்னா. காலைல குளிருதுல்ல, அதான்" என்றார். நான் கத்தின கத்தலில் வெளியே காத்திருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். சோதித்தார்கள். 49. குளுக்கோஸ் கொடுத்து, உட்கார வைத்து, மறுபடி பார்த்து, 95 வந்த பிறகுதான் போனை வைத்தேன். பெரிய டாக்டரிடம் ஓடி, இரவு ஊசியைப் பழைய அளவுக்கும் கீழே இறக்கிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் பஸ் ஏறினேன்.

வழி நெடுக உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன். பாதி வழியில் மீதிக் கடிதத்தையும் படித்துவிட்டு யோசித்துப் பார்த்தேன். நான் ஊசியைக் கூட்டினேன், நீ ஸ்பூனைக் கூட்டினாய். ஒரு வருஷத்துக்கு மேலாக நாம் இருவரும் அந்தக் குழந்தையின் உடம்புக்குள் கயிறு இழுத்துக்கொண்டிருந்திருக்கிறோம். நீ இழுத்தது பயத்தில். நான் இழுத்ததில் பாதி அகம்பாவம். பயிற்சிப் பெண்ணுக்கே தோன்றியது எனக்குத் தோன்றவில்லை. உன் கடைக்கு வந்த அந்த அம்மாவை எனக்கு அடையாளம் தெரியவில்லை. பொய்யை முகத்தில் படிப்பேன் என்று பீற்றிக்கொண்டவள் நான்.

வந்ததும் அவளை உட்கார வைத்துச் சொன்னேன், அம்மா பாலில் என்ன போட்டாள் என்று. அவள் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே, "தெரியும் அத்தை" என்றாள்.

"எப்பலேருந்து?"

"முதல் நாளே தெரியும். இனிக்குதுல்ல?"

"அப்ப ஏண்டி சொல்லல?"

"நான் குடிச்சா அம்மா தூங்குவாங்க. குடிக்கலன்னா என் கட்டில் பக்கத்துலயே உக்காந்துட்டு இருப்பாங்க."

பிறகு கேட்டேன், "சரி, இங்க பால் இல்லன்னு உனக்குத் தெரியும்ல? நேத்து ராத்திரி ஊசிய இன்னும் குறைக்கணும்னு தோணலையா? பிஸ்கட்டாவது முழுசா சாப்பிட்டிருக்கலாம்ல?"

"ரெண்டு சாப்ட்டேன். மத்ததெல்லாம் பக்கத்துக் கட்டில் பொண்ணுங்க புடுங்கிட்டாங்க." கொஞ்ச நேரம் காலால் தண்ணீரைத் தட்டிக்கொண்டிருந்தாள். "ஊசிய இன்னும் குறைக்கலாம்னு தோணுச்சு. குறைச்சா நீங்க ஏன்னு கேப்பீங்க. அப்புறம் அம்மாவ அன்னிக்கு மாதிரி திட்டுவீங்க."

அவ்வளவுதான் சொன்னாள். எழுந்து போய்விட்டாள். நான் திட்டுவேன் என்று பயந்து, தெரிந்தே நான் எழுதிக் கொடுத்த ஊசியை அப்படியே போட்டுக்கொண்டு படுத்திருக்கிறாள் உன் மகள்.

சொந்தக்காரர்களை நாமே பார்க்கக்கூடாது என்று எங்கள் தொழிலில் ஒரு பேச்சு உண்டு. பெரிய டாக்டரும் சொல்லியிருக்கிறார். என் மருமகளை என்னைவிட யார் நன்றாகப் பார்த்துவிடப் போகிறார்கள் என்று மிதப்பாக இருந்தேன். போதும். எங்கள் க்ளினிக்கில் இன்னொரு உணவு நிபுணர் இருக்கிறார், நல்ல பெண், குரலே எழும்பாது. அவரிடம் பட்டாணியை ஒப்படைக்கிறேன். நான் வெறும் அத்தையாக இருந்துகொள்கிறேன்.

இங்கே இன்னும் ஐந்து நாள் தங்கப் போகிறேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை.

அண்ணி

ஏப்ரல் 12

அண்ணிக்கு,

இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

அவள் வந்து சேர்ந்தாள். கறுத்துப்போய், சளசளவென்று பேசிக்கொண்டு. அன்று பாலை வெறும் பாலாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "பரவால்லம்மா, நீ போய்ப் படு" என்றாள். பதிமூன்று வயதுப் பெண் என்னைத் தேற்றுகிறாள். சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். உங்கள் தம்பி வந்து பின்னால் நின்றார். குழாயை மூடினார், "தண்ணி வீணாகுதுல்ல" என்றார்.

நான் ஒரு வருஷத்துக்கு மேல் நன்றாகத் தூங்கினேன் அண்ணி. அந்தத் தூக்கத்துக்காக அவள் கூடுதலாக ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். நீங்கள் எழுதியதில் அந்த ஓர் இடத்தை மட்டும் என்னால் கடந்து போக முடியவில்லை. அவள் கண்ணும் சிறுநீரகமும் பத்திரமாக இருக்கிறதா என்று சோதிக்கத் தேதி வாங்கியிருக்கிறேன். அதுவரை என் உயிர் என்னிடம் இல்லை.

காலை எண்கள்: 131, 118, 142, 109. அந்த 109ஐப் பார்த்ததும் நேராகச் சமையலறைக்குப் போனேன். சர்க்கரை டப்பா மேல்தட்டில் இருக்கிறது. எட்டித் தொடவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். தொட்டேன். திறக்கவில்லை. நாளைக்குத் திறக்கமாட்டேன் என்று எனக்கு நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

அதனால்தான் இதை எழுதுகிறேன். குரல் எழும்பாத அந்த நல்ல பெண்ணிடம் அவளை ஒப்படைக்க வேண்டாம். அவர் என்னை நம்புவார். "எல்லாம் எழுதின மாதிரிதான் குடுக்கறேன்" என்று சொன்னால் தலையாட்டுவார். புது ஆளிடம் நான் புதிதாகப் பொய் சொல்ல ஆரம்பித்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். என் பொய் தெரிந்த ஆள் நீங்கள் ஒருத்திதான். நீங்களே பாருங்கள். என்னைத் திட்ட வேண்டுமென்றால் திட்டுங்கள், அவள் காதில் மட்டும் விழ வேண்டாம்.

உங்கள் தம்பி மனைவி